போலீஸ்காரருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் சாயங்கால ஜெபமாலை முடிந்து, கோயில் கதவைச் சாத்தப் போகிற நேரத்தில், நம் குப்பத்துத் தாய் ஒருத்தி என்னிடம் வந்து நின்றாள். "சாமி, என் மகன் யாரையாவது இரண்டு ராத்திரி அடைத்து வைத்து அடித்திருந்தால் அவனை ஜெயிலில் போடுவார்களா, மாட்டார்களா?" என்று கேட்டாள். "போடுவார்கள், அம்மா" என்றேன். "அப்படியானால் அவனை அடித்தவர்களுக்கு?" என்றாள். அன்று அவளுக்கு நேரான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லாருக்கும் அது வேண்டியதாயிருக்கிறது.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும்; ஆகையால் பெயர் சொல்லாமல் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கரையில் நின்ற ஃபைபர் போட்டிலிருந்து ஒரு இஞ்சின் களவு போயிற்று. போட்டுக்காரர் கடன் வாங்கி வாங்கிய இஞ்சின். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் மேல் சந்தேகம் விழுந்தது. அவனை ஒரு போலீஸ் நிலையத்திற்குக் கொண்டு போனார்கள். எழுத்து ஒன்றும் இல்லை, கையெழுத்து ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவனை வெளியே விட்டார்கள். பத்தாம் நாள் அந்த இஞ்சின் வேறோர் ஊரில், வேறொருவனிடம் அகப்பட்டது. பையன் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் இருக்கிறான். வலை இழுக்கிற கை அது.

இதில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். போட்டுக்காரர் புகார் கொடுக்கப் போகுமுன் என்னிடம்தான் வந்தார். நான் அவரிடம், "போய்ச் சொல்லுங்கள், விசாரிக்கிற விதத்தில் விசாரித்தால் உண்மை வரும்" என்றேன். விசாரிக்கிற விதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? அவருக்குந்தான் தெரியாதா? நம் வீடுகளில் ஒரு செல்போன் காணாமற் போனாலும், "நாலு தட்டு தட்டச் சொல்லுங்கள்" என்று சொல்லாதவர் நம்மில் யார்?

இனி கேள்விக்கு வருவோம். போலீஸ்காரர் குற்றம் செய்தால் மற்றப் பிரஜைகளுக்கு உள்ள தண்டனை அவருக்கும் உண்டா?

சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறபடி, உண்டு. அதுமட்டுமல்ல, அதிகமாகவே உண்டு. நீங்கள் உங்கள் அண்டை வீட்டாரை அடித்துச் சாதாரணக் காயம் உண்டாக்கினால் அதற்கு ஓராண்டு வரை சிறை. ஆனால் ஒருவனைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவோ, களவு போன பொருளைக் கேட்டு வாங்கவோ அப்படி அடித்தால் ஏழாண்டு வரை சிறை. கொடுங்காயமானால் பத்தாண்டு வரை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 330, 331 என்ற பிரிவுகளாக இருந்தவை இவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 120ஆம் பிரிவாக இருக்கின்றன. சட்டம் செய்தவர்கள் பிரிவை எழுதிவிட்டு, விளங்கும்படி உதாரணங்களும் எழுதுவது வழக்கம். இந்தப் பிரிவுக்கு அவர்கள் எழுதிய முதல் உதாரணமே ஒரு போலீஸ் அதிகாரி, ஒருவனை வதைத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வது பற்றியது! 1860ஆம் ஆண்டில் எழுதினது.

எங்கேயோ லண்டனில் உட்கார்ந்து கற்பனை செய்த உதாரணமல்ல அது. நம்முடைய சென்னை இராஜதானியிலேயே அதற்கு வேர் இருந்தது. அந்தக் காலத்தில் தாசில்தாரிடத்திலே நிலவரி வசூலும் இருந்தது, போலீஸ் அதிகாரமும் இருந்தது. வரி கேட்கிறவனே தடியும் வைத்திருந்தான். குடியானவனிடம் வரி வாங்கக் கிட்டி போடுவார்கள்: இரண்டு குச்சிகளை ஒரு முனையில் கட்டி, நடுவிலே விரலையோ தொடையையோ வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் கட்டுவார்கள்: ஆளைக் குனியவைத்துத் தலையைக் காலோடு கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது. சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலானோர் இதைப் பற்றி மனு எழுதினார்கள். பார்லிமெண்டிலும் பேச்சு எழுந்தது. அதன் பிறகு எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட கமிஷன் ஒன்று விசாரித்து 1855ஆம் ஆண்டில் அறிக்கை கொடுத்தது. ஜனங்கள் பல நாள் நடந்து வந்து சாட்சி சொன்னார்கள். வதை நடக்கிறது உண்மை என்று கமிஷன் எழுதிற்று. வரியையும் தடியையும் ஒரே கையில் வைக்கக் கூடாதென்பது தெளிவாயிற்று. 1859ஆம் ஆண்டுச் சென்னை போலீஸ் சட்டம் அதன் பின்னே வந்தது. ரெவின்யூவும் போலீசும் வேறு வேறாயின.

போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்கு கோர்ட்டில் சாட்சியாகாது என்ற விதியும் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். இன்றும் அது சட்டம். ஆனால் அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கவனியுங்கள். காவலில் இருக்கிறவன் சொன்ன தகவலின்படி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவல் மட்டும் சாட்சியாகும். "ரெக்கவரி" என்று ஸ்டேஷனில் சொல்லுகிறார்களே, அது இதுதான். ஒப்புதல் செல்லாது, பொருள் செல்லும். ஆகையால் பொருள் வருகிற வரை அடி. கட்டாயப்படுத்தி வாங்கின தகவலென்று காட்டினால் அதுவும் செல்லாதுதான். ஆனால் நாலு சுவருக்குள் நடந்ததைக் காட்டுவது யார்?

ஆகவே தண்டனையில் வித்தியாசமில்லை. தண்டனைக்குப் போகிற வழியில்தான் வித்தியாசம். உங்கள் மகன் அடித்தால் போலீசார் புகார் எழுதுவார்கள், போலீசார் சாட்சி தேடுவார்கள், போலீசார் குற்றப்பத்திரிகை போடுவார்கள். போலீஸ்காரர் அடித்தாலும் அதே போலீசார்தான் இவையெல்லாம் செய்ய வேண்டும். 1859இல் வரியையும் தடியையும் பிரித்தார்களே தவிர, தடியையும் அந்தத் தடியைப் பற்றி விசாரிக்கிற பேனாவையும் யாரும் பிரிக்கவில்லை.

இதை விளங்கிக்கொள்ள, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்ததைப் பாருங்கள். அந்த வழக்கின் தீர்ப்பைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. முதல் சில நாட்களைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன். கொரோனா ஊரடங்கு நேரம். செல்போன் கடை நடத்தின பென்னிக்ஸ் என்ற வாலிபரின் தகப்பனார் ஜெயராஜை 19ஆம் தேதி சாயங்காலம் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். தகப்பனைத் தேடி மகன் போனார். அவரும் உள்ளே வைக்கப்பட்டார். கடையை நேரத்துக்கு மேல் திறந்து வைத்தார்கள் என்பது புகார். மறுநாள் அரசு மருத்துவமனையில் தகுதிச் சான்று வாங்கப்பட்டது. மாஜிஸ்திரேட் ரிமாண்டு செய்தார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கோவில்பட்டி கிளைச்சிறைக்கு இருவரும் போனார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23ஆம் தேதி விடியலில் தகப்பன் இறந்தார். முதல் தகவல் அறிக்கையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? இருவரும் தரையில் புரண்டு உருண்டார்கள், அதனால் உட்காயம் என்று எழுதியிருந்தது.

இந்த எழுத்தைக் கவனியுங்கள். இதை எழுதினவர்கள் வேறொருவர் இதைச் சரிபார்ப்பார் என்று நினைத்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

சரிபார்க்க ஒருவர் வந்தார். காவலில் மரணம் நடந்தால் போலீசல்ல, ஒரு நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டுமென்பது சட்டம். கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே அவருக்கு மரியாதையும் கிடைக்கவில்லை, ஒத்துழைப்பும் கிடைக்கவில்லை. கேமராப் பதிவுகள் நாளுக்கு நாள் அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. அவர் உயர்நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதினார். மதுரைக் கிளை நீதிபதிகள் அந்த ஸ்டேஷனை ரெவின்யூ அதிகாரிகளின் வசம் ஒப்புவிக்கும்படி உத்தரவிட்டார்கள். ரெவின்யூவிடமிருந்து போலீசைப் பிரித்து 161 ஆண்டுகளுக்குப் பின் ஒரு போலீஸ் நிலையத்தைக் காக்க ரெவின்யூவைக் கூப்பிட வேண்டியதாயிற்று! கொலை வழக்காக மாற்றப்பட்டது ஜூலை 1ஆம் தேதி. அந்தப் பிரிவு என்றும் புத்தகத்தில் இருந்தது. அதை எடுத்து எழுத உயர்நீதிமன்றம் தேவைப்பட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே ஒரு ஏட்டம்மா இருந்தார்கள். ரேவதி என்று பெயர். அந்த இரவு நடந்ததை, இரத்தக்கறை படிந்த லத்தியையும் மேசையையும் பற்றி, மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடப் பயந்தார்கள், பின்பு போட்டார்கள். அவர்களும் போலீஸ்தான், சம்பளம் வாங்கிப் பிள்ளை வளர்க்கிறவர்கள்தான். நம் பங்கிலும் போலீஸ் குடும்பங்கள் இருக்கின்றன. உங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சீக்கிரத்தில் பேசப்பட்ட வழக்கு இது. பேசப்படாதவற்றின் கதி வேறு. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி என்ற மலையடிவாரக் கிராமத்தில் 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோமென்று வனத்துறையாரும் போலீசாரும் ரெவின்யூக்காரரும் நுழைந்தார்கள். வீடுகளை இடித்தார்கள், ஜனங்களை அடித்தார்கள், 18 பெண்களைக் கெடுத்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர் 269 பேர்: வனத்துறை 155, போலீஸ் 108, ரெவின்யூ 6. தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29ஆம் தேதி. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளென்று தீர்ந்தது. அப்பீலில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29ஆம் தேதி. முப்பத்தொரு வருஷம்! இரண்டு தீர்ப்புகளும் அர்ச். மிக்கேல் சம்மனசானவர் திருநாளில் விழுந்தன. கையில் தராசு பிடித்து நிற்கிற அவரே போலீசாருக்கும் பாதுகாவலர். நீதிபதிகள் அதை நினைத்துத் தேதி வைக்கவில்லை; எனக்குத்தான் மறக்க முடியவில்லை.

அந்த உயர்நீதிமன்றத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கெடுக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சாதாரணமாக அரசாங்கம் நஷ்ட ஈடு கொடுத்தால் அது உங்கள் பணமும் என் பணமுந்தான்; அடித்தவன் பையிலிருந்து ஒரு காசு போகாது. ஏழாம் கற்பனையைப் பற்றி ஞானோபதேசத்தில் நாம் படித்தது வேறு. பிறனுக்கு நஷ்டம் செய்தவனே ஈடு செய்யக் கடமைப்பட்டவன். அவனுக்காக ஊரார் கொடுத்தால் அவன் கடன் தீராது.

இன்னும் ஒரு தடை இருக்கிறது. உத்தியோகக் கடமையில் செய்த காரியத்துக்காகச் சில நிலை அதிகாரிகள் மேல் வழக்கு நடத்த அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும். நேர்மையான அதிகாரியைப் பொய் வழக்கிலிருந்து காப்பாற்ற அது வேண்டியதுதான். அதை நான் பழிக்கவில்லை. ஆனால் காவலில் இருக்கிறவனை அடிப்பது உத்தியோகக் கடமையா என்ற வாதம் வழக்குக்கு வழக்கு புதிதாய் எழுப்பப்பட்டு, அதிலேயே வருஷங்கள் கழிகின்றன. புதிய நடைமுறைச் சட்டத்தில் 120 நாளைக்குள் அரசாங்கம் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நல்லது.

நல்லது என்று சொல்ல முடியாததும் ஒன்று. 2006ஆம் ஆண்டு பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், போலீசார் மேல் புகார்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் தனி ஆணையம் வைக்கும்படி மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. நம் தமிழ்நாட்டில் 2013இல் சட்டம் செய்து, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையே தலைவராகவும், போலீஸ் தலைமை அதிகாரிகளை உறுப்பினராகவும் வைத்தார்கள். மாமியார் மேல் புகாரை மாமியாரே விசாரிப்பது போல் அல்லவா? 1985ஆம் ஆண்டிலே சட்டக் கமிஷன் தன் 113ஆம் அறிக்கையில், காவலில் இருந்தவன் உடம்பில் காயம் கண்டால் அது போலீஸ் உண்டாக்கின காயமென்று கோர்ட்டு அனுமானிக்கலாம், இல்லையென்று காட்டுவது போலீசின் பொறுப்பாகட்டும் என்று யோசனை சொன்னது. அது இன்றுவரை சட்டமாகவில்லை. 2023இல் சாட்சியச் சட்டத்தையே புதிதாய் எழுதியபோதும் சேர்க்கவில்லை. என்னைக் கேட்டால், தண்டனையைக் கூட்டுவதைவிட இந்த ஒரு வரியைச் சேர்ப்பது ஆயிரம் மடங்கு பிரயோசனமாயிருக்கும்.

இவ்வளவையும் பூசைக்கு வருகிற ஒரு போலீஸ்காரரிடம் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "சாமி, ராத்திரி பகலென்று டியூட்டி. மேலே இருக்கிறவர் ரெக்கவரி எங்கே என்கிறார். புகார் கொடுத்தவர், இன்னும் ஏன் அவனை உட்கார வைத்திருக்கிறீர்கள் என்கிறார். அடித்தாலும் நாங்கள் கெட்டவர்கள், அடிக்காவிட்டாலும் கையாலாகாதவர்கள்" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் மேலதிகாரி சொன்னான் என்பது சட்டத்துக்கும் பதிலாகாது, மனச்சாட்சிக்கும் பதிலாகாது. ஸ்நாபக அருளப்பரிடம் சேவகர் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டுமென்று கேட்டபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஒருவரையும் துன்புறுத்தாமல், பொய்க் குற்றம் சாட்டாமல், சம்பளத்தோடு திருப்தியாயிருக்கச் சொன்னார். குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரருக்கும் வக்கீல் உண்டு, சாட்சி விசாரணை உண்டு, சந்தேகத்தின் பலன் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். நம் பையனுக்கு மறுக்கப்பட்டதை அவருக்கு மறுப்பது நியாயமாகாது.

அந்தத் தாயின் வீட்டுக்குச் சமாதானம் பேச ஆள் வந்தது. "பையன்தான் வெளியே வந்துவிட்டானே, வைத்தியச் செலவுக்கு ஏதோ வாங்கிக்கொண்டு விடுங்கள்" என்றார்கள். அவளுக்குக் கடன் இருக்கிறது. வாங்கியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அன்று அவளுக்கு அர்ச். சின்னப்பர் பிலிப்பி பட்டணத்தில் செய்ததைச் சொன்னேன். விசாரணையில்லாமல் அவரையும் சீலாவையும் பிரம்பால் அடித்துச் சிறையில் போட்டார்கள். விடிந்ததும் அதிகாரிகள் சேவகரை அனுப்பி, இரகசியமாய்ப் போய்விடச் சொன்னார்கள். சின்னப்பர் போகவில்லை. பகிரங்கமாய் அடித்தவர்கள் தாங்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். பழி வாங்கவும் கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. செய்தது தவறென்று செய்தவர்கள் வந்து நிற்க வேண்டுமென்றார்.

இனி நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். கைது செய்தால் நாளும் நேரமும் எழுதின குறிப்பு ஒன்று இருக்க வேண்டும். வீட்டார் ஒருவராவது ஊரில் மதிப்புள்ள ஒருவராவது அதில் கையெழுத்திட வேண்டும். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் வைத்த விதி இது. காவலில் இருக்கிறவனை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டுமென்பதும் அதில்தான் இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. மாஜிஸ்திரேட் முன் நிற்கையில் அடி பட்டிருந்தால் அப்போதே வாய் திறந்து சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் பலமில்லை. சாட்சி விசாரணைக்கென்று பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும், 60 வயது தாண்டினவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது; வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். வக்கீல் வைக்கப் பணமில்லையென்று யாரும் சும்மா இருக்க வேண்டாம். 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். செங்கல்பட்டில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. நடு இரவில் யாரையாவது அழைத்துப் போனால் என் கதவைத் தட்டுங்கள். நானும் கூட வந்து அந்தக் குறிப்பில் கையெழுத்துப் போடுகிறேன். முன்பே போட்டிருக்க வேண்டியது.

புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. களவு போனால் புகார் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், சந்தேகமிருந்தால் பெயரையும் சொல்லுங்கள். "தட்டுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னவர்கள் அதை என்ன பாவமென்று நினைக்கிறார்களோ தெரியாது. ஒருவரும் இதுவரை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

அந்தத் தாய் பணம் வாங்கவில்லை. சென்ற வியாழக்கிழமை மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு எழுதினோம். வைத்தியர் கொடுத்த சீட்டையும் சேர்த்து, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறோம். சாட்சிக் கையெழுத்துக்கு யாரைக் கேட்பதென்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கையில், இஞ்சின் தொலைத்த போட்டுக்காரர் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. "நான்தான் சாமி அவன் பெயரைச் சொன்னேன்" என்று சொல்லிப் பேனாவை வாங்கினார். அவர் பெயர் முதலில் இருக்கிறது, என் பெயர் இரண்டாவது.